விதைச் சாமையில் இறங்கிய பூனைக்குட்டி

"…சாம்பல்லதானுங்க போச்சு! நீங்க சொன்னபடியே, ஒரு பொட்டு வெளிய சிந்தாம, சாம்பல்லதானுங்க போச்சு!"

கால்நடை மருந்தக வாசலில் ஆடுகளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஏழெட்டுப் பேரும் சிரித்துவிட்டார்கள். சொன்னவள் சிரிக்கவில்லை. அவள் இடுப்பில் ஒரு மூங்கில் கூடை, கூடையின் வாயில் துண்டு கட்டியிருந்தது. துண்டின் ஓரத்தில் ஒரு பூனைக்குட்டியின் காது மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

நானும் சிரித்தேன். பதினைந்து நாளைக்கு முன்னால் அதே வாசலில் அந்தப் பெண்ணுக்கு நான்தான் யோசனை சொல்லி அனுப்பியிருந்தேன். அது பலித்துவிட்டது என்று எனக்குப் பெருமை.

"அப்புறம் என்னங்கம்மா? நிம்மதியா ஊடு போய்ச் சேருங்க" என்றேன்.

அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்து, ஆட்டுக்காரர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, குரலை இறக்கினாள்.

"விதைச் சாமையிலீங்க."

எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, ஊசி போடுவதையும் மருந்து அளப்பதையும் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. கொல்லிமலையில் கால்நடை பராமரிப்பு உதவியாளராக இருந்த காலத்தில் நான் எத்தனையோ மாட்டுக்குப் பிரசவம் பார்க்கக் கூடநின்றிருக்கிறேன், எத்தனையோ ஆட்டுக்குக் கால் கட்டியிருக்கிறேன். ஆனால் என் சர்வீஸில் எதை நினைத்து நெஞ்சை நிமிர்த்துகிறாய் என்று கேட்டால், ஒரு பூனைக்குட்டி வெளிக்குப் போன விவகாரத்தைத்தான் சொல்வேன். சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

தொண்ணூற்றெட்டோ தொண்ணூற்றொன்பதோ, சரியாக நினைவில்லை. அந்தப் பெண்ணின் பெயர் சின்னப்பொண்ணு. திருப்புலி நாட்டுப் பக்கம், பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் அவள் ஊர். முதல் தடவை அவள் வந்தபோது கதை சாதாரணமாகத்தான் இருந்தது. சேந்தமங்கலத்தில் இவர்களிடம் மிளகு வாங்கும் ஒரு பாய் வீட்டிலிருந்து பூனைக்குட்டி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறாள். வெளியே விட்டால் நாய். மழை வேறு பிடித்துக்கொண்டது. குட்டி வீட்டுக்குள்ளேயே கண்ட மூலையில் போகிறது. என்ன செய்யலாம்?

என்ன பெரிய விஷயம் என்று நான் வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னேன்: "ஒரு ஒடஞ்ச சட்டி எடுங்க. அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டுங்க. அடுப்போரமா வைங்க. பூனைக்குச் சாம்பல்னா உசுரு. காலால பறிச்சுப் போய்ட்டு, தானே மூடிட்டு வந்துரும்."

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய ஆள் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் பார்த்தும் கேட்டும் பொறுக்கினது. ஊர் ஊருக்கு ஜனங்கள் சொல்லும் சொல்லைச் சேர்த்துவைத்துக்கொள்வேன். ஆள் கூடிவிட்டால் அதை எடுத்து வீசுவேன். அன்றைக்கும் அப்படித்தான். நாலு பேர் தலையாட்டினார்கள், எனக்குக் குளிர்ந்துபோனது.

இப்போது விதைச் சாமை என்றால் என்ன என்று சொல்லவேண்டும். அவள் ஊரில் ஒரே பங்காளிகளாக நாலு வீடு. நாலு வீட்டு விதையையும் ஒரே வீட்டில் வைத்துக் காப்பாற்றுவார்கள். யார் கைக்கு ராசியோ அவள் பொறுப்பு. கதிரிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்து, காயவைத்து, வண்டு விழாமலிருக்கச் சாம்பல் கலந்து, வாயகன்ற மொடாக்களில் கொட்டி, மேலே இன்னும் ஒரு சாண் உயரத்துக்குச் சாம்பலைப் பரப்பி வைப்பார்கள். மழை பிடித்தபின் நாள் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமை நாலு வீட்டாரும் வந்து வாங்கிப் போய், சாமியைக் கும்பிட்டுவிட்டு விதைப்பார்கள்.

ரொம்ப வருஷமாக அந்தப் பொறுப்பு சின்னப்பொண்ணின் மூத்த ஓரகத்தியிடம், அதாவது அவள் புருஷனின் அண்ணன் பெண்டாட்டியிடம், இருந்தது. ஒரு வருஷம் எலி புகுந்து அங்கே பாதி விதையைத் தின்றுவிட்டது. பெரியவர்கள் கூடிப் பேசி, விதையைச் சின்னப்பொண்ணு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். மூத்தவளுக்கு அது ஆறாத புண். சின்னப்பொண்ணுக்கோ, தன் வீட்டிலும் எலி புகுந்துவிட்டால் என்ன ஆவது என்று பயம். அந்தப் பயத்தில்தான் பூனைக்குட்டியே வந்தது.

வாயகன்ற மண்பாத்திரம், அது நிறைய மெத்தென்று சாம்பல். நான் வைக்கச் சொன்ன உடைந்த சட்டிக்கும் விதை மொடாவுக்கும் ஒரு பூனைக்குட்டி என்ன வித்தியாசம் கண்டுபிடிக்கும், சொல்லுங்கள்? மொடா இன்னும் பெரிசு, இன்னும் வசதி.

"எத்தனை மொடாவிலேம்மா?" என்றேன்.

"ஒண்ணுலீங்க. கைய உட்டுப் பாத்தேன், ஈரம். வர்ற வெள்ளிக்கிழமை நாலு ஊட்டாரும் வந்து நிப்பாங்க. இன்னும் நாலு நாளு."

தம்பிகளே, அந்த இடத்தில் நான் செய்ததைக் கேளுங்கள். மறைக்கப்போவதில்லை. வாசலில் ஆட்டுக்காரர்கள் காதை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பதினைந்து நாளைக்கு முன்னால் அவர்களில் பாதிப் பேர் முன்னால்தான் நான் சாம்பல் வைத்தியம் சொல்லியிருந்தேன். என் வாய் தானாகவே சொல்லிற்று: "குட்டிக்கு வயிறு சரியில்லீங்கம்மா. பூச்சி இருக்கும். அதான் எடம் தெரியாம போவுது. மாத்திரை தாரேன்."

மாத்திரையை எடுத்துக் காகிதத்தில் மடித்தும் கொடுத்துவிட்டேன். கூடையிலிருந்து குட்டி தலையை நீட்டி என்னைப் பார்த்தது. வெள்ளையில் மஞ்சள் திட்டு. கண் பளபளவென்று, மூக்கு ஈரமாக, உடம்பு கொழுகொழுவென்று. அதைவிட ஆரோக்கியமான ஜீவன் அன்றைக்கு அந்த மருந்தகத்தில் கிடையாது, என்னையும் சேர்த்து.

"ஒரு நிமிஷம் இங்க வாங்க" என்று உள்ளேயிருந்து டாக்டரம்மா கூப்பிட்டார்.

எனக்கு மகள் வயது இருக்கும் அவருக்கு. வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஒரு வெள்ளாட்டின் மடியைப் பார்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

"அந்தம்மா வீட்டுக்குள்ள நீங்க போயிருக்கீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"அடுப்புச் சாம்பலை அவங்க எதுக்கெல்லாம் எடுப்பாங்கன்னு கேட்டீங்களா?"

"இல்லீங்க."

அவ்வளவுதான். அவர் ஆட்டை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. பூச்சி என்று நான் சொன்னது பொய்தானே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் கேட்ட இரண்டு கேள்விக்கும் என்னிடம் சாக்கு இல்லை. என் வாழ்நாளில் எனக்கு வாத்தியார் என்று யாரையாவது சொல்லவேண்டுமானால் அந்தப் பொண்ணைத்தான் சொல்வேன்.

வெளியே வந்தேன். சின்னப்பொண்ணு கூடையோடு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். கூப்பிட்டு நிறுத்தினேன்.

"அந்த மாத்திரையக் குடுத்துருங்கம்மா. குட்டிக்கு ஒண்ணுமில்லை. நான் சொன்னதுதான் தப்பு. நாளைக்கு ஊட்டுக்கே வாரேன். பாத்துட்டுத்தான் இனி வாயத் தொறப்பேன்."

அவள் மாத்திரைப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள். அதற்குள் ஆட்டுக்காரர்களில் ஒரு கிழவர் வாயில் வெற்றிலையோடு சொன்னார்: "ஆத்தப் பாக்காமயே கோவணத்த அவுத்துட்டீங்களாட்ட இருக்குதுங்களே, டாக்டரு!" மறுபடியும் வாசல் முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காது சுட்டது. ஆனால் பாருங்கள், அந்தச் சொல் நன்றாக இருக்கிறதே என்று மனசுக்குள் ஒரு ஓரத்தில் எழுதியும் வைத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, ஒரு மணி நேரம் நடந்து அவள் வீட்டுக்குப் போனேன். காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. பார்த்தேன்.

அடுப்புக்குள் சாம்பல். பாத்திரம் துலக்கப் பின்கதவோரம் ஒரு கொட்டாங்குச்சியில் சாம்பல். சாம்பலில் புரட்டி முறத்தில் பரப்பிய மொச்சை விதை. சுவரோரம் வரிசையாக ஐந்து மொடா, எல்லாவற்றின் மேலும் சாம்பல். சாமி மூலையில் சுரைக்குடுக்கை நிறையத் திருநீறு. அந்த வீட்டில் சாம்பல் இல்லாத இடம் அந்தப் பூனைக்குட்டியின் முதுகு ஒன்றுதான். இப்படிப்பட்ட வீட்டில் ஒரு குட்டியைப் பிடித்து 'சாம்பல்தான் உனக்கு இடம்' என்று பழக்கிவிட்டிருக்கிறேன். என் வீட்டில் கேஸ் அடுப்பு. சாம்பலுக்கு வேறு வேலை கிடையாது. என் வீட்டுக்கு வைத்தியம் சொல்லி, அவள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்றும் பார்த்தேன். குட்டி என் உடைந்த சட்டிக்குப் போனது. முகர்ந்தது. அதே நேரம் சின்னப்பொண்ணு களி கிண்ட அடுப்புக்கு வந்தாள். காலும் துடுப்பும் புகையுமாக இருந்தது. குட்டி திரும்பி நேராக மொச்சை முறத்துக்கு நடந்தது. "ஏய்!" என்று அவள் கத்தினாள். அது பரணுக்கடியில் ஓடி ஒளிந்தது. ஆள் நடமாடுகிற, சோறு ஆக்குகிற இடத்தில் நாமே போவோமா? அதையும் நான்தான் சொல்லியிருந்தேன், அடுப்போரமாக வையுங்கள் என்று.

"மொடாவையெல்லாம் மூடி வெச்சா என்னங்கம்மா?"

"மூடிப் பாத்துட்டனுங்க. நேத்து மொறத்தப் போட்டு மூடிக் கல்லு வெச்சேன். போயி வெளக்கற சாம்பல்ல இருந்துட்டு வந்துருச்சு. அதத் தொட்டு ஏனத்த வெளக்குனது நானு. மூடி மூடி எத்தனையத்தானுங்க மூடறது? வெள்ளிக்கெழமை எல்லார் முன்னாலயும் தெறந்துதான ஆவோணும்?"

அவள் புருஷன் வாசற்படியில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். அதிகம் பேசாத ஆள். தலையைக் குனிந்தபடியே சொன்னான்: "மேலாப்புல ரெண்டு கை அள்ளிப் போட்டுட்டா முடிஞ்சுது. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமில்ல?" என்றாள் அவள்.

அவள் அவனுக்குத்தான் சொன்னாள். ஆனால் முந்தின நாள் மாத்திரையை மடித்துக் கொடுத்த என் கை, மடியிலேயே கனத்தது.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல். மூத்த ஓரகத்தி. தலையில் மரவள்ளிக் கிழங்குக் கூடையோடு நின்றாள்.

"ஏனுங்க டாக்டரு, ஊட்டுக்கே வந்துட்டீங்க? மாட்டுக்கா, மனுசருக்கா?"

"சும்மா இந்தப் பக்கம் வந்தனுங்க."

"பூனைக்குன்னு சொன்னாங்க. எலிக்குப் பயந்து ஊட்டக் கொளுத்துன கதையா ஆயிரப்போவுது, பாத்துக்கங்க. வெள்ளிக்கெழமை நாங்களும் வெதைக்கு வரோணும்." கூடையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

சின்னப்பொண்ணு துடுப்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "பாத்தீங்களா? அக்காளுக்கு மூக்குல வேர்த்துருச்சு. வெதை திரும்ப அங்க போனாலும் போவட்டுங்க. ஆனா கை சுத்தமில்லாதவன்னு ஒரு பேரு எடுத்துட்டு நான் இந்த ஊர்ல இருக்கோணுமே. குட்டிய உட்டுட்டா எலி. வெச்சுக்கிட்டா இது."

குட்டியைத் துரத்திவிடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். 'பூனைதானே' என்ற ஒரு சொல் நம் துறையில் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆட்டுக்கு விலை உண்டு, மாட்டுக்குக் கடன் உண்டு, பூனைக்கு என்ன என்பார்கள். ஒரு பூனைக்குட்டிக்குப் பின்னால் நாலு வீட்டு விதைப்பும் ஒரு பெண்ணின் பேரும் நின்றுகொண்டிருப்பது, அந்த மூலையில் உட்காராவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

யோசித்தேன். இந்தக் குட்டி இங்கே வருவதற்கு முன்னால் எங்கேயோ போய்க்கொண்டுதானே இருந்திருக்கும்? எங்கே? அதை நான் கேட்கவே இல்லை. சின்னப்பொண்ணும் கேட்கவில்லை.

புதன்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து மலையிறங்கிச் சேந்தமங்கலம் போனேன். மிளகு வாங்கும் பாய் கடையிலேயே இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் "அது ஊட்டுக்காரங்க டிபார்ட்மெண்டுங்க" என்று சிரித்து, பின்னாலிருந்த வீட்டுக்கு அழைத்துப்போனார். அவர் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"சாம்பலா? அதுக்கு யாருங்க சாம்பல் வெச்சது?"

"நான்தானுங்க."

"நல்லா வெச்சீங்க போங்க! இங்க ஊட்டுக்குள்ள தொழுவுற எடம் இருக்குது. ஒரு சொட்டு எங்கயும் படக்கூடாது. அதனால தாய்ப்பூனையக் கண்டிசனாப் பழக்கி வெச்சிருக்கேன். வாங்க, காட்டறேன்."

கதவுக்குப் பின்னால், அரை இருட்டில், பழைய டிரங்குப் பெட்டியின் மூடியை மல்லாத்திப் போட்டு ஆற்று மணல் பரப்பியிருந்தது. பால் வைக்கிற கிண்ணம் வீட்டின் அந்தக் கோடியில்.

"குட்டிங்க கண்ணுத் தொறந்து தத்தித் தத்தி நடக்கறப்பவே தாய் இங்கதான் கூட்டியாரும். தெனம் கழிவ அள்ளிருவேன். ஆனா மணல மொத்தமா மாத்தமாட்டேன். ஒரு பிடி பழசு இருக்கோணும். அந்த வாடைதான் அதுக்கு அடையாளம். தாய் காட்டுன எடத்தப் பூனை லேசுல மறக்காதுங்க."

"இதச் சின்னப்பொண்ணுகிட்டச் சொல்லலீங்களா?"

"கேட்டாத்தான சொல்லலாம்? பூனை பீ போற கதைய வழிய வழிய யாராச்சும் சொல்லி அனுப்புவாங்களா?"

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அம்மா ஒரு டிரங்குப் பெட்டி மூடியையே தேடி எடுத்துக் கொடுத்தார். அரை மூட்டை மணல் கட்டிக் கொடுத்தார். பழைய மணலில் ஒரு பிடியைத் தனியாகப் பொட்டலம் போட்டு, "இத மேலாப்புல தூவுங்க. மூக்குத் தானா வழி சொல்லும்" என்றார்.

பஸ்ஸில் மூட்டையை ஏற்றும்போது கண்டக்டர் கேட்டார், "என்னங்க சார் இது?"

"மணலுங்க."

"மலைக்கு மண்ணு சொமந்துட்டுப் போற மொத ஆளு நீங்கதான் சார்!" பஸ் முழுக்க அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தது. வளைவுக்கு வளைவு யாராவது ஒருத்தர், "மணல் சார், மூட்டையப் புடிச்சுக்கங்க" என்பார்கள். நானும் பிடித்துக்கொண்டேன். அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறினது, மாலை மரியாதையோடு ஊர்வலம் போனது மாதிரி எனக்கு இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை காலையில் மூடியைப் பரணேறும் ஏணிக்குப் பின்னால், அடுப்புக்கு எதிர்க்கோடியில் போட்டு மணலைப் பரப்பினோம். பொட்டலத்தைப் பிரித்து மேலே தூவினேன். என் உடைந்த சட்டியைச் சின்னப்பொண்ணு எடுத்துப் போய் வேலிக்கு வெளியே வீசினாள். கொஞ்சம் வேகமாகவே வீசினாள்.

குட்டி பால் குடித்துவிட்டு வந்தது. நின்றது. மூக்கைத் தூக்கிற்று. பிறகு ஏணிக்குப் பின்னால் போய், மணலில் இரண்டு காலாலும் பறித்து, உட்கார்ந்து எழுந்து, மூடிவிட்டு வந்தது.

"அடி என் சாமி!" என்று சின்னப்பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் சந்தோஷப்படவில்லை. ஒரு தடவை போனது பழக்கம் ஆகாது. மறுநாள் வீடு நிறைய ஆள் இருக்கும், மொடாக்கள் ஐந்தும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அன்றைக்கு என்ன செய்யும் என்று யார் கண்டது? மருந்தகத்துக்குத் திரும்பி டாக்டரம்மாவிடம், "வெள்ளிக்கிழமையும் நான் அங்க இருந்தாகணும் மேடம்" என்றேன். அவர் "போங்க. இங்க நான் பாத்துக்கறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை. மழை சன்னமாகத் தூறிக்கொண்டிருந்தது. நாலு வீட்டாரும் வந்துவிட்டார்கள். சின்னப்பொண்ணின் புருஷனுக்குப் பெரியப்பா முறை ஒருவர், பங்காளிகளுக்கெல்லாம் மூத்தவர், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மூத்த ஓரகத்தி கதவோரம் நின்றாள். சின்னப்பொண்ணு குளித்து, ஈரத் தலையோடு ஒவ்வொரு மொடாவாகத் திறந்தாள். நாலைத் திறந்தாள். ஐந்தாவதைத் திறக்காமல், இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"மாமா, அது வெதைக்கு ஆவாதுங்க. பூனைக்குட்டி அதுல இருந்துருச்சு. அது எங்க ஊட்டுப் பங்கா இருக்கட்டும். மத்த மூணு ஊட்டுக்கும் கொறை வராது."

புருஷன் தரையைப் பார்த்தான்.

"நான் அன்னைக்கே நெனச்சேன்" என்றாள் மூத்தவள். "என் ஊட்டுல எலி தின்னுச்சு, மெய்தான். எலி தின்னது போவ மீதி சுத்தமா இருந்துச்சு. இங்க பாருங்க. வெதையில கொண்டுபோயிப் பூனைய வெளிக்கு உட்ருக்காங்க!"

யாரோ ஒருத்தன் சிரித்தான். சின்னப்பொண்ணு அசையவில்லை.

அப்போது நான் எழுந்தேன்.

"பெரியவரே, தப்பு இந்தம்மா மேலயும் இல்ல, குட்டி மேலயும் இல்லீங்க. ஊட்டைப் பாக்காம, எதையும் விசாரிக்காம, குட்டியச் சாம்பல்ல பழக்குங்கன்னு சொன்னவன் நான். ஆஸ்பத்திரி வாசல்ல நாலு பேரு கேக்கச் சொன்னேன். அதனால நாலு பேரு முன்னாலயே திருப்பிச் சொல்றேன். நான் சொன்னது தப்பு."

அரசாங்க ஆள் இப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை போலிருக்கிறது. பெரியவர் காதுக்குப் பின்னால் கையை வைத்து, "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார். இன்னொரு தடவையும் சொன்னேன்.

என் சர்வீஸில் எனக்குக் கைதட்டு விழுந்த இடங்கள் உண்டு. அங்கே கைதட்டு விழவில்லை. ஆனால் என் பணிக்காலத்தில் நான் நிமிர்ந்து நின்ற இடம் அதுதான்.

பெரியவர் தாடையைத் தடவினார். "நீங்க சொல்றது செரிங்க. ஆனா பழகுன பூனை பழகுனதுதான? அடுத்த வருசம் மறுக்கா வெதையில எறங்காதுன்னு என்ன நிச்சயம்? ஒண்ணு, குட்டிய உட்ரோணும். இல்லாட்டி, வெதைய மூத்தவ ஊட்டுக்கே மாத்திரோணும்."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குட்டி வந்துவிட்டது.

வாசலில் மழையில் நனைந்து, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. அத்தனை காலையும் பார்த்துக் கொஞ்சம் தயங்கிற்று. அப்புறம் சுவரோரமாக, வாயைத் திறந்து நின்ற நாலு மொடாக்களை நோக்கி நடந்தது. சின்னப்பொண்ணு ஓரடி முன்னால் வந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று அந்த நிமிஷம் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரியாது. விரட்டி ஜெயிப்பதில் ஒன்றுமில்லை, அது தானாகப் போகவேண்டும் என்று மட்டும் தோன்றிற்று. தப்பாகப் போயிருந்தால் அவள் தலைதான் உருண்டிருக்கும், என் தலையில்லை. அது தெரிந்துதான் நிறுத்தினேன். அவளும் நின்றாள். என்னை நம்பி நின்றாள்.

நாலு வீட்டுச் சனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பூனைக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் மொடாவின் விளிம்பில் முன்னங்கால் இரண்டையும் வைத்து எட்டி நின்றது. உள்ளே சாம்பலை முகர்ந்தது. ஒரு தும்மல் போட்டது. காலை எடுத்துவிட்டது. அடுத்ததைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஏணிக்குப் பின்னால் போனது. மணல் சரசரவென்று பறிபடும் சத்தம் வீடெல்லாம் கேட்டது.

பெரியவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "அட, மனுசப்பய கூட இத்தனை பதனமாப் போவமாட்டானே!" என்றார். வீடே வெடித்துச் சிரித்தது. மூத்தவள் மட்டும் சிரிக்கவில்லை. கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"செரி, வெதை இங்கயே இருக்கட்டும். அள்ளிப் போடு, சாமி" என்றார் பெரியவர்.

சின்னப்பொண்ணு விதை அளக்கும் வள்ளத்தை எடுத்தாள். முதல் அளவு வயதில் மூத்தவருக்குத்தான் போகவேண்டும். பெரியவர் துண்டை விரித்து மடியில் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். அவள் வள்ளத்தைச் சாமைக்குள் அமுக்கி நிரப்பினாள். தலை தட்டவில்லை. கோபுரமாகக் குவிந்திருந்த விதையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, அவரைத் தாண்டிக் கதவோரம் நின்றவளிடம் போனாள்.

"மடியப் பிடிங்கக்கா" என்று சொல்லி, மூத்தவள் திரும்புகிறவரைக்கும் அப்படியே ஏந்திக்கொண்டு நின்றாள்.